உஸ்தாத்களே, வகுப்பை விட்டுப் போய்விடாதீர்கள்

இன்னும் ஓராண்டிலோ ஈராண்டிலோ சீருடையைக் கழற்றப்போகும் தமிழ்நாட்டு ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் அண்ணன்மார்களுக்கு,



நான் வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். படையில் பணியாற்றியவன் அல்லன். கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் இருந்ததும், அங்கே உங்களைப் போன்ற ஒருவரிடம் பாடம் கேட்டதும்தான் எனக்கும் ராணுவத்துக்குமான நேரடி உறவு. ஆனால் இந்த மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகளின் அப்பா எல்லையில் இருப்பார். விடுப்பில் அவர் வரும் வாரத்தில் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். நானும் ஏன் என்று கேட்பதில்லை.

உங்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியர்கள். சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்த இந்த இருபத்தைந்து, இருபத்தெட்டு ஆண்டுகளில் நீங்கள் அதிகம் செய்த வேலை கற்பிப்பதுதான். ஊருக்குத் திரும்பும்போது அதை மட்டும் யூனிட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஊர் உங்களை எப்படி வரவேற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் மாலை போடுவார்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். அடுத்த மாதமே கேள்வி ஆரம்பமாகும்: "எந்த பேங்க்ல செக்யூரிட்டி சொல்லி வெச்சிருக்கீங்க?" காவல் வேலையை நான் தாழ்வாக நினைக்கவில்லை. 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் எத்தனையோ முன்னாள் படைவீரர் வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருக்கிறது. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஓய்வூதியம் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முப்பது பேர் கொண்ட ஒரு பிளட்டூனை உருவாக்கத் தெரிந்த மனிதரிடம் இந்தச் சமூகம் கேட்டு வாங்க வேறொன்று இருக்கிறது. சமூகம் கேட்கவில்லை என்றால், நீங்களே முன்வந்து கொடுங்கள் என்கிறேன்.

எனக்குப் பாடம் சொன்ன அந்த ஹவில்தாரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் என்.சி.சி. பட்டாலியனில் பி.ஐ. ஸ்டாஃபாக இருந்தவர், மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். ஒரு முகாமில் எங்களை ஒரு கரட்டின் மேல் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினார். டோபோஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். "இப்ப நீ எங்க நிக்கிற? மேப்புல தொட்டுக் காட்டு" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் விடையைச் சொல்லவே இல்லை. தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்தைக் காட்டி அதற்குக் காம்பஸில் பேரிங் எடுக்கச் சொன்னார். பிறகு ஏரிக்கரையின் முனைக்கு ஒன்று. இரண்டையும் வரைபடத்தின் வடக்குக்கு ஏற்றபடி திருத்தச் சொன்னார். 180 பாகையைக் கூட்டியோ கழித்தோ திருப்பி, கோபுரத்திலிருந்து ஒரு கோடு, ஏரிக்கரையிலிருந்து ஒரு கோடு இழுக்கச் சொன்னார். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு சிறு குன்றின் சம உயரக் கோடுகள் இருந்தன. நாங்கள் நின்றிருந்த கரடு அது.

அந்தக் காலைப்பொழுது எனக்குள் என்ன செய்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது. நான் புவியியல் படிக்கப் போனதற்கு அது ஒரு காரணம். பின்னால் பி.எட். சேர்ந்தபோது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும், மாணவரைத் தானே கண்டுபிடிக்க விட வேண்டும், ஒவ்வொருவரும் செய்து பார்த்தாரா என்று உறுதிப்படுத்த வேண்டும் என்றெல்லாம் ஓராண்டு முழுக்கப் பெயர் சொல்லிப் படித்தோம். அவர் இதையெல்லாம் ஒரு கரட்டின் உச்சியில், பெயர் எதுவும் சொல்லாமல் செய்து காட்டியிருந்தார். அதிலும், எங்கள் கூட்டத்தில் மெதுவாகக் கற்கும் ஒரு பையன் கோடு இழுத்து முடிக்கும்வரை மற்றவர்களைக் கீழே இறங்கவிடவில்லை. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் பிரிவு நகர வேண்டும் என்பது உங்கள் பழக்கம். எங்கள் பள்ளிக்கூடங்களில் இந்தப் பழக்கம் இன்னும் வர வேண்டும்.

உங்கள் பணிவாழ்க்கையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். வெலிங்டனிலோ, பெங்களூரு எம்.இ.ஜி. சென்டரிலோ ரங்ரூட்டாகப் போய் நின்றபோது உங்களுக்கு எதிரில் நின்றவர் ஓர் உஸ்தாத். தமிழும் மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் பேசும் பையன்கள் ஒரே வரிசையில் நிற்க, கட்டளை இந்தியில் வரும். முதலில் வாயால் சொல்வார், பிறகு நமூனா காட்டுவார், பிறகு எண்ணிக்கை சொல்லிச் செய்யவைப்பார். தாய்மொழி அல்லாத மொழியில், தாய்மொழி வேறு வேறாக உள்ளவர்களுக்குக் கைகாலால் பாடம் நடத்துவது எத்தனை கடினம் என்பது வகுப்பில் நிற்பவனுக்குத்தான் புரியும். சில ஆண்டுகளில் லான்ஸ் நாயக் பட்டை வந்ததும் உங்கள் கையில் நான்கைந்து பேரை ஒப்படைத்தார்கள். நாயக் ஆனபோது ஒரு செக்‌ஷன். ஹவில்தார் ஆவதற்குள் கேடர், மேப் ரீடிங் தேர்வு, ராணுவக் கல்விச் சான்றிதழ் தேர்வு எல்லாவற்றையும் கடந்திருப்பீர்கள். சிலர் பெலகாவியில் ஜூனியர் லீடர்ஸ் பிரிவில் கோர்ஸ் முடித்து, நல்ல கிரேடிங் வாங்கி, அங்கேயே பயிற்றுநராக நின்றிருப்பீர்கள். நாயப் சுபேதார் ஆனதும் ஒரு பிளட்டூன். ஒவ்வொரு பதவி உயர்விலும் நீங்கள் நேரடியாகச் செய்யும் வேலை குறைந்து, பிறரைச் செய்யவைக்கும் வேலை கூடியது. சுபேதார் மேஜர் என்கிற இடம் ஒரு பட்டாலியனில் ஒரே ஒருவருக்குத்தான். எண்ணூறு சொச்சம் பேரின் வீட்டுக் கவலை முதல் புதிதாக வந்த லெப்டினென்ட்டின் தடுமாற்றம் வரை அவர் காதுக்கு வரும். அந்த லெப்டினென்ட்டுக்கு அவர் சல்யூட் அடிப்பார். வேலையையும் அவர்தான் கற்றுத்தருவார்.

சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாதமிக்குப் போய்ப் பாருங்கள். நாளைக்குக் கர்னலும் ஜெனரலும் ஆகப்போகிறவர்களுக்கு அணிநடை சொல்லிக்கொடுப்பவர் ஹவில்தார். கார்கில் போரில் 1999 ஜூலை 4 அன்று முஷ்கோ பள்ளத்தாக்கில் காயத்தோடு எதிரிப் பதுங்குகுழியைப் பிடித்துப் பரம்வீர் சக்ரா பெற்ற சஞ்சய் குமார், படையில் சேர்வதற்குமுன் டாக்ஸி ஓட்டியவர். தேர்வில் மூன்று முறை நிராகரிக்கப்பட்டு அதன்பிறகு சேர்ந்தவர். சுபேதார் மேஜராக உயர்ந்தவரை ராணுவம் எங்கே வைத்தது தெரியுமா? புனே அருகே கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாதமியில், பயிற்சி தருகிறவர்களின் வரிசையில். தன்னிடம் இருக்கும் சிறந்த மனிதரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்த அமைப்புக்குத் தெரிந்திருக்கிறது.

உங்களில் பலருக்கு சுபேதார் ஜோகிந்தர் சிங்கின் பெயர் மனப்பாடமாக இருக்கும். வீரர் என்று தெரிந்த அளவுக்கு, அவர் வாத்தியார் என்பது வெளியே தெரியவில்லை. 1921-ல் பஞ்சாபின் மோகா பகுதியில் மஹ்லா கலான் ஊரில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பணமில்லாமல் நடுநிலைப் படிப்போடு நின்றுபோனது. 1936-ல் முதலாம் சீக்கியப் பட்டாலியனில் சேர்ந்த பிறகுதான் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தார். ராணுவக் கல்வித் தேர்வுகளை எழுதித் தேறினார். யூனிட் கல்விப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். எழுத்துக் கூட்டத் தெரியாமல் படைக்கு வந்த ஏராளமான கிராமத்துப் பையன்களுக்கு எழுத்தும் கணக்கும் வரைபடமும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அது. பள்ளி கைவிட்ட ஒருவர், பள்ளியே கிடைக்காதவர்களுக்கு ஆசிரியரானார். பர்மா போர்முனை, 1947-48 காஷ்மீர் என்று சண்டைகளையும் பார்த்தார்.

1962 அக்டோபர் 23 விடியலில் தவாங்குக்கு வடக்கே பும் லா கணவாயை ஒட்டிய முகட்டில் அவருடைய பிளட்டூன் இருந்தது. இருநூறு பேர் வீதம் அலை அலையாகச் சீனப் படை ஏறிவந்தது. முதல் அலையைத் தடுத்தார்கள். இரண்டாவதையும் தடுத்தார்கள், ஆனால் பாதிப் பிளட்டூன் விழுந்துவிட்டது. தொடையில் குண்டடி பட்ட பிறகும் அவர் பின்னால் போக மறுத்தார். மூன்றாவது அலையின்போது தோட்டா தீர்ந்தது. மிச்சமிருந்தவர்கள் பேயனெட்டை மாட்டிக்கொண்டு அவரோடு முன்னே பாய்ந்தார்கள். காயத்தோடு பிடிபட்டவர் சீனச் சிறையிருப்பில் இறந்தார். பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. 1963 மே மாதம் அவருடைய அஸ்தி பட்டாலியனுக்கு வந்துசேர்ந்தது.

கடைசி நேரத்தில் அவர் பின்னால் ஏன் அத்தனை பேரும் எழுந்தார்கள் என்பதற்குப் பயிற்சி, ரெஜிமென்ட், மதம், மானம் என்று பல காரணங்கள் சொல்லலாம். அவருக்கு அப்போது படையில் 26 ஆண்டுகள். இத்தனை காலம் தன்னிடம் கற்றவர்களோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த மனிதர் எழுந்தால் பிறர் எழுவார்கள் என்றே ஓர் ஆசிரியனாக எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்து மனிதர் ஒருவரையும் நினைவுபடுத்த வேண்டும். சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு தம்பியின் கால் கண்ணிவெடி மேல் பட்டது. வெடிப்பதற்குள் கிடைத்த ஓரிரு நொடிகளில் அவர் அதன்மேல் விழுந்து மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். கண்ணிவெடிக்கு எத்தனை நொடி அவகாசம் உண்டு என்று பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்தவர் அவர். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த இந்த மனிதரின் பெயரை நான் கேட்டுப்பார்த்த பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கத்துக் குறை இது. ஒரு சுபேதார் வந்து ஒரு மணி நேரம் பேசினால் தீர்ந்துவிடும் குறை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அமெரிக்கத் தரைப்படையில் வில்லியம் பெயின்பிரிட்ஜ் என்றொரு சார்ஜென்ட் மேஜர் இருந்தார். 1943-ல் கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்ட பையன். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆர்டென் காட்டுச் சண்டையில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க் கைதியாகப் பசியில் வாடி, 1945-ல் மீண்டார். வீட்டுக்குப் போனவர் கொரியப் போர்க் காலத்தில் மறுபடி அழைக்கப்பட்டுப் படையிலேயே தங்கிவிட்டார். வியட்நாம் போர் அந்தப் படையின் அனுபவமுள்ள சார்ஜென்ட்களைத் தின்று தீர்த்தது. ஆள் போதாமல் 1967-ல் சில மாத வகுப்பிலேயே சார்ஜென்ட்களை உருவாக்கி அனுப்ப ஆரம்பித்தார்கள். பட்டை கிடைத்தது, அனுபவம் கிடைக்கவில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் சிப்பாய் நிலையிலிருந்து உயர்ந்தவர்களுக்கென்று ஒழுங்கான கல்வி வரிசையை அமைத்தார்கள். 1972-ல் டெக்சஸின் ஃபோர்ட் பிளிஸ்ஸில் சார்ஜென்ட் மேஜர்களுக்கான அகாதமி திறந்தபோது அதன் முதல் கமாண்ட் சார்ஜென்ட் மேஜராக நின்றவர் பெயின்பிரிட்ஜ். அங்கிருந்து 1975-ல் தரைப்படை முழுமைக்குமான சார்ஜென்ட் மேஜர் ஆனார். அந்த அகாதமிக்கு நீண்ட காலம் கர்னல்களே தலைவர்களாக இருந்தார்கள். 2009-ல்தான் ஒரு சார்ஜென்ட் மேஜரிடமே தலைமையைக் கொடுத்தார்கள். இன்று அங்கே படித்து முடிப்பவர் இளங்கலைப் பட்டம் வாங்கலாம்.

அவர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மிடம் மனிதர்கள் குறையவில்லை, அங்கீகாரம்தான் குறைகிறது. நீங்கள் இருபது ஆண்டுகள் கற்பித்திருந்தாலும், ஊருக்கு வந்து ஒரு பள்ளிக்குப் போனால் "பி.எட். இருக்கா?" என்று கேட்பார்கள். கேட்பது சட்டப்படி சரியும்கூட. ஆகவே சில நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இதைப் பணியில் இருக்கும்போதே கவனித்தால்தான் பயன்.

பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்கு, 15 ஆண்டுப் பணியின் பேரில் பட்டத்துக்கு இணையானது என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். சி பிரிவு மத்திய அரசு வேலைகளுக்கு அது உதவும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பி.எட். சேர முடியாது, அது கல்விப் பட்டம் ஆகாது. பலர் ஊருக்கு வந்து விண்ணப்பம் போட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பட்டம் வேண்டுமானால் பத்து, பிளஸ் டூ, அதன் பிறகு இளங்கலை என்ற வரிசை கலையாமல் படியுங்கள். வரிசை மாறிய பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு ஏற்கமாட்டார்கள். பிளஸ் டூ இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். இளங்கலைக்கு இக்னோ இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஃபீல்டு ஏரியாவில் இருக்கும்போது முடியாது, பீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததும் தொடங்குங்கள்.

இ.எம்.இ., சிக்னல்ஸ், சாப்பர்ஸ் ஆள்களுக்கு இன்னொரு நல்ல வழி ஐ.டி.ஐ. வாகனம், வெல்டிங், மின்சாரம், எலெக்ட்ரானிக்ஸ் என்று உங்கள் கைவேலை அங்கே பாடமாகவே இருக்கிறது. ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஆக வேண்டுமானால் சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சி முடித்திருப்பது பெரிய பலம். உங்கள் டிரேடுக்கு எந்தச் சிவில் சான்றிதழ் இணையானது என்பதை ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் இப்போதே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள். ஓய்வுக்கு முன்னால் டி.ஜி.ஆர். நடத்தும் மறுவாழ்வு வகுப்புகளில் பெயர் கொடுக்கும்போது, நண்பன் எதை எழுதினானோ அதையே எழுதாமல், கற்பிக்கும் வேலைக்கு எது உதவும் என்று பார்த்து எழுதுங்கள்.

இதற்கெல்லாம் வயதில்லை, குடும்பச் சூழல் இடம் தரவில்லை என்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகவும் வேலை காத்திருக்கிறது. நம் மாவட்டங்களில் விடியற்காலை நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ராணுவத்தில் சேர 1600 மீட்டரை ஓடிப் பழகுகிறார்கள். 2023 முதல் அக்னிவீர் தேர்வில் ஓட்டத்துக்கு முன்னால் கணினி வழி எழுத்துத் தேர்வு வந்துவிட்டது. ஓடத் தெரிந்த பையன் கணக்கில் தோற்று வீட்டில் உட்கார்கிறான். இன்னொரு பக்கம், பணம் வாங்கிக்கொண்டு 'சேர்த்துவிடுகிறேன்' என்று ஏமாற்றும் தரகர்கள். ஒரு முன்னாள் சுபேதார் ஊர் மைதானத்தில் காலை ஐந்தரைக்கு வந்து நின்றாலே அந்தத் தரகன் அந்தப் பக்கம் வரமாட்டான். ஓட்டத்தை நீங்கள் பாருங்கள். கணக்குக்கு எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அக்னிபத் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டத்தின்படி நான்காண்டு முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் படையில் தொடர்வார்கள். எதிர்கால ஹவில்தார்களும் சுபேதார்களும் அந்த இருபத்தைந்துக்குள்ளிருந்து வர வேண்டும். மீதிப் பேர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஊர் திரும்புவார்கள். அந்தத் திட்டம் சரியா தவறா என்று வாதாட இந்த மடலில் இடமில்லை. எனக்கு அதில் கவலைகள் உண்டு என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் அணியினர் 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சிக்குப் போனவர்கள். துப்பாக்கி பிடித்த இளைஞன் கையில் கொஞ்சம் பணத்தோடு, வேலை இல்லாமல், ஊருக்குள் வந்து நிற்கும்போது அவனிடம் பேசும் தகுதி எனக்கு இல்லை, ஊர்த் தலைவருக்கு இல்லை, அவன் அப்பாவுக்குக்கூட இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அவன் பேச்சு உங்களுக்குப் புரியும், உங்கள் பேச்சை அவன் கேட்பான். அவனை அடுத்த படிப்புக்கோ அடுத்த தொழிலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க ஊருக்கு ஒருவர் வேண்டும்.

பள்ளிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரகடாவைப் பாரக்கிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முட்டி போடவைப்பது, வெயிலில் நிறுத்துவது, எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டுவது எதுவும் எங்கள் மைதானத்தில் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். ரங்ரூட் தானே விரும்பிக் கையெழுத்துப் போட்டு வந்தவன், பதினேழு வயதைத் தாண்டியவன். ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்படி வரவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம், இரவில் வீட்டில் அடி வாங்கியிருக்கலாம். சத்தம் போட்டால் பயப்படுவான், கற்கமாட்டான். என்னுடைய ஹவில்தார் அந்தக் கரட்டில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. உங்களிலும் மிகச் சிறந்த உஸ்தாத்கள் அமைதியானவர்கள் என்றே கேள்விப்பட்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளை வரிசையில் பின்னால் நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2021-ல்தான் ராணுவக் காவல் பிரிவில் முதன்முதலாகப் பெண்கள் சிப்பாய் நிலையில் பயிற்சி முடித்து வந்தார்கள். 2024 ஜனவரியில் துப்பாக்கி சுடும் வீராங்கனை ப்ரீத்தி ரஜக் சுபேதாராகப் பதவி உயர்வு பெற்றார். இந்திய ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் அவர். என் வகுப்பில் அவர் படத்தை நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை.

நீங்கள் வரும்போது கொண்டுவர வேண்டிய பொருள்களில் உங்கள் பாடக் குறிப்பு நோட்டுகளும் இருக்கட்டும். கேடரிலும் கோர்ஸிலும் நடத்திய வகுப்புகளுக்கு நீங்கள் கையால் எழுதிய நோட்டுகளைச் சொல்கிறேன். ரகசியமானது எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. வரைபடம் வாசிப்பது, முதலுதவி, பாம்பு கடித்தால் என்ன செய்வது, வெள்ளத்தில் கயிறு கட்டி ஆள்களைக் கடத்துவது, பத்துப் பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, இரவில் விண்மீன் பார்த்துத் திசை அறிவது, இவையெல்லாம் அதில் இருக்கும். 2015 வெள்ளத்தின்போது இது தெரிந்த நான்கு பேர் ஒவ்வொரு தெருவிலும் இருந்திருந்தால் எத்தனை உதவியாக இருந்திருக்கும். அந்த நோட்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க எங்கள் தமிழாசிரியர் இருக்கிறார்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் புவியியல் செய்முறையில் இடப்பரப்பு வரைபடம் ஒரு பாடம். 1:50,000 அளவுள்ள டோபோஷீட் இரண்டு இருக்கின்றன. ஒன்று கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய நிலையில். காம்பஸ் ஒன்றும் இல்லை. வாங்கித் தரும்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டிருக்கிறோம். பள்ளிக்குப் பின்னால் ஒரு கரடு இருக்கிறது, உச்சியிலிருந்து பாலாறும் இரண்டு ஏரிகளும் தெரியும். சனிக்கிழமைகளில் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். விடுப்பில் வரும்போதே வரலாம், ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் வேறு மாவட்டத்தில் இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் புவியியல் வாத்தியார் யார் என்று கேளுங்கள். அவரிடமும் காம்பஸ் இருக்காது.

அன்போடும் மரியாதையோடும்,
ஒரு புவியியல் ஆசிரியர்,
வேலூர் மாவட்டம்.